மிதி, புடி, உடு

"வாப்பா, இந்த முறை டிரைவர் சீட்டுல நான்தான் இரிப்பன்."

ஸுலைஹா இதைச் சொன்னதும் வீடே அமைதியாகிவிட்டது. சட்டியில் கிடந்த இறால்கூட ஒரு கணம் பொரிவதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தது போலிருந்தது.

உம்மா குசினியிலிருந்து கரண்டியும் கையுமாக எட்டிப் பார்த்தார்.

"எத்தின தரம் செல்லியிரிக்கன்? அத மட்டும் கேக்கக் கூடாதெண்டு!"

"ஏன் கேக்கக் கூடாது?"

"கேக்கக் கூடாதெண்டா கேக்கக் கூடாது."

கேட்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லும் விஷயங்களில் பாதிக்கு, ஏன் என்று அவர்களுக்கே தெரியாது. ஸுலைஹா இதைப் பல தடவை சோதித்துப் பார்த்திருக்கிறாள். டிரைவர் சீட் விஷயத்தில் இதுவரை அவளுக்கு மூன்று காரணங்கள் கிடைத்திருந்தன.

"கால் எட்டாது மகள்," என்றார் வாப்பா.

"கலியாணக் கார் சின்னப் புள்ளயள் வெளையாடுற எடமில்ல," என்றார் உம்மா.

"பொம்புளப் புள்ளைக்கு அது என்னத்துக்கு?" என்றார் சுஹைர் மாமா.

கால் எட்டாவிட்டால் முதுகுக்குத் தலையணை வைக்கலாம். விளையாட்டு என்றால் விளையாடாமல் இருக்கலாம். மூன்றாவது காரணத்துக்கு எதை வைப்பது? அதைக் கேட்கும்போதெல்லாம் ஸுலைஹாவின் காது இரண்டும் சூடாகிவிடும்.

அவள் கேட்டது காரை ஓட்ட அல்ல. பிரேக் பெடலை மிதிக்க. அவ்வளவுதான்.

அந்தக் கார் ஒரு மொறிஸ் மைனர். வாப்பா பிறப்பதற்கு முன்பே கற்பிட்டிக்கு வந்து சேர்ந்த கார். உருண்டை முதுகு, உருண்டைக் கண்கள், பாலாடை நிறம். தெருப் பிள்ளைகள் அதற்கு 'முட்டை' என்று பெயர் வைத்திருந்தார்கள். முதலில் வாப்பாவுக்குக் கோபம் வந்தது. பிறகு அவரே, "முட்டையக் கழுவிட்டியா?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்.

மற்ற நாட்களில் வாப்பா வெங்காயத் தோட்டத்தில் நிற்பார். கலியாணம் வந்தால் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முட்டையில் ஏறுவார். ஊரில் யார் வீட்டுக் கலியாணம் என்றாலும், நிக்காஹ் ஆனாலும் கோயில் கலியாணம் ஆனாலும், முட்டைதான் போக வேண்டும். பிரேக் பார்க்காமல் வாப்பா எந்தக் கலியாணத்துக்கும் போனதில்லை.

ஏனென்றால் கற்பிட்டியில் கழுதைகள் இருக்கின்றன.

அவை தெருவின் நடுவில் நிற்கும். ஹோர்ன் அடித்தால் காதை மட்டும் ஆட்டும். நகராது. 'உனக்கு அவசரமென்றால் நீ சுற்றிப் போ' என்பது போல ஒரு பார்வை பார்க்கும். பிரேக் இல்லாத காரும் நகராத கழுதையும் ஒரே தெருவில் இருக்க முடியாது.

இந்தச் சனிக்கிழமை பக்கத்து வீட்டு றோசமேரி அக்காவுக்குக் கலியாணம். பாலர் பாடசாலையில் படிப்பிக்கும் அக்கா அவர். சண்டை நடந்த காலத்தில் மன்னாரிலிருந்து தன் அப்பா அருளப்புவோடு இந்த ஊருக்கு வந்தவர்.

"நான் இந்த ஊருக்கு லொறியில நிண்டுகொண்டு வந்தனான், ஸுலைஹா," என்று அவர் ஒருநாள் வேலிக்கு மேலால் சொன்னார். "மூட்டைகளுக்கு நடுவில, ஒரு காலில. கோயிலுக்கெண்டாலும் ராசாத்தி மாதிரி இருந்துகொண்டு போகோணும். முட்டையிலதான் போவன்."

வாப்பா வாக்குக் கொடுத்துவிட்டார்.

அதனால்தான் இந்த வியாழக்கிழமைப் பின்னேரம் முட்டை மரக்கட்டைகளின் மேல் ஏறி நின்றது. பிரேக்குக்குள் புகுந்த காற்றை வெளியேற்ற, எயார் எடுக்க வேண்டும்.

முட்டையின் பிரேக்கில் கம்பி எதுவும் இழுபடாது. டிரைவரின் காலுக்குக் கீழே, காரின் தரைக்கு அடியில், ஓர் இரும்பு உருளை இருக்கிறது. அதற்குள் பிரேக் ஒயில். பெடலை மிதித்தால் ஒயில் மெல்லிய குழாய்களுக்குள் ஓடி, நாலு சில்லுகளையும் இறுக்கிப் பிடிக்கும். குழாய்க்குள் ஒரு சின்னக் காற்றுக் குமிழி புகுந்தாலும் போதும், பெடல் பஞ்சாகிவிடும். கால் உள்ளே போகும், கார் நிற்காது.

அந்தக் காற்றை வெளியே எடுக்க மூன்று பேர் வேண்டும். ஒருவர் பெடலில். ஒருவர் சில்லுக்குப் பின்னால், சின்ன ஆணியைத் திறந்து மூட. இன்னொருவர் அந்த ஆணியில் மாட்டிய றப்பர்க் குழாயை ஜேம் போத்தலுக்குள் பிடித்துக்கொண்டு, குமிழி வருகிறதா என்று பார்க்க. வாப்பா ஆணி. ஸுலைஹா போத்தல். பெடல் எப்போதும் சுஹைர் மாமா.

"இந்த முறையும் மாமாதான்," என்றார் வாப்பா. "நீ போத்தலப் புடி மகள்."

ஸுலைஹா உதட்டைக் கடித்துக்கொண்டு போத்தலைப் பிடித்தாள்.

சுஹைர் மாமா உம்மாவின் தம்பி. கடலுக்குப் போகிறவர். நல்ல மனிதர், ஆனால் அவருடைய கைத்தொலைபேசி அவரைவிடச் சத்தமானது. அவர் டிரைவர் சீட்டில் ஏறியதும் கார் முழுக்கச் சூடை மீன் வாசம் பரவியது.

வாப்பா சில்லுக்குப் பின்னால் படுத்துக்கொண்டு குரல் கொடுத்தார்.

"மிதி!"

மாமா மிதித்தார்.

"புடி!"

மாமா பிடித்தார். வாப்பா ஆணியைத் திறந்தார். போத்தலுக்குள் குமிழிகள் குபுகுபு என்று வந்தன. வாப்பா ஆணியை மூட வேண்டும். மூடிய பிறகுதான் 'உடு' என்பார். அதற்கு முன் கால் எடுத்தால், வெளியே போன காற்று திரும்பவும் உள்ளே போய்விடும்.

அந்த நேரம் பார்த்து மாமாவின் தொலைபேசி பாடியது.

"ஹலோ! ஓம்... ஓம்... எத்தின கூட மீன்?"

"சுஹைர்! கால எடுத்திட்டியா?"

"இல்ல மச்சான்... கொஞ்சம் எடுத்திட்டன்."

"கொஞ்சம் எடுத்தாலும் காத்து முழுசாப் போகும்!"

"காத்துக்குத்தான் காசில்லையே மச்சான், ஏன் ஏசுறீங்க?"

திரும்பவும் முதலிலிருந்து. மிதி, புடி, உடு. மிதி, புடி, உடு. ஸுலைஹா போத்தலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வழக்கமாக வெளியே வரும் பழைய ஒயில் சாயத் தேத்தண்ணீர் போல இருக்கும். இன்று என்னவோ நிறம் மாறிக் கலங்கியிருந்தது.

வேலை முடிந்ததும் அவள் போத்தலைக் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டுக் கை கழுவினாள். திரும்பிப் பார்த்தபோது போத்தல் இரண்டாகியிருந்தது.

கண்ணாடி உடையவில்லை. உள்ளே இருந்ததுதான் இரண்டாகியிருந்தது. கீழே சாயத் தேத்தண்ணீர் நிறம். அதற்கு மேல், தண்ணீரில் ஊற்றிய தேங்காய் எண்ணெய் போல, பச்சை கலந்த ஒரு தடித்த எண்ணெய்.

"வாப்பா, இங்க வாங்க. முட்டைக்குள்ள ரெண்டு ஒயில் இரிக்கி."

வாப்பா போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முகர்ந்தார். மெல்லத் திரும்பி மாமாவைப் பார்த்தார்.

"சுஹைர், போன கிழம பாலாவிக்குக் காரக் கொண்டுபோனாயே. என்னத்த ஊத்தின?"

மாமாவின் முகம் மலர்ந்தது. "ஓ, அதுவா? பெடல் கொஞ்சம் கீழ போற மாதிரி இரிந்திச்சு. என்ட போட் எஞ்சினுக்கு ஊத்துற ஒயில்தான் கையில இரிந்திச்சு. நல்ல சாமான் மச்சான்! கடல்லயே ஓடுற ஒயில். உங்களுக்குச் செல்ல மறந்திட்டன்."

"பிரேக்குக்குப் போட் ஒயிலா!"

"ஒயில் ஒயில்தானே?"

வாப்பா தலையில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கிணற்றுக் கட்டில் இருந்தார். பிறகு எழுந்தார். மறுபடியும் மிதி, புடி, உடு. புது ஒயிலை ஊற்றி, ஊற்றி, போத்தலுக்குள் ஒரே நிறம் வரும்வரை விடவில்லை.

"சரி. எல்லாம் வெளிய வந்திட்டு," என்றார் கடைசியில். அது மற்றவர்களுக்குச் சொன்னதா தனக்கே சொன்னதா என்று ஸுலைஹாவுக்குத் தெரியவில்லை.

கட்டைகளை எடுத்துவிட்டு, வாப்பாவும் அவளும் துறைமுகம் வரை ஒரு சுற்றுப் போனார்கள். முட்டை ஓடியது, மிதித்தபோது நின்றது. வாப்பாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது.

திரும்பி வரும்போது, மூலையிலிருந்த பாண் கடையடியில் வாப்பா எஞ்சினை நிறுத்தினார். அது அவருடைய பழக்கம். பெட்றோல் மிச்சம் பிடிக்க, அந்த இடத்திலிருந்து முட்டை சத்தமில்லாமல் தானாகவே உருண்டு வந்து வீட்டு வாசலில் நிற்கும். ஸுலைஹாவுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான்.

இன்று முட்டை வாசலுக்கு வரவில்லை. அருளப்பு அங்கிளின் வேலியடியிலேயே நின்றுவிட்டது.

"ஏன் வாப்பா நிண்டிட்டு?"

"மணல் கூடிப்போச்சு, மகள்."

நேற்றும் இதே மணல்தான் என்று சொல்ல வந்தாள். வாப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை. ஆனால் இறங்கியதும், வாளியிலிருந்த தண்ணீரில் கையை நனைத்து, சில்லின் நடுவில் தெளித்தாள்.

'ஸ்ஸ்ஸ்' என்றது.

திரும்பி வரும் வழியில் பிரேக்கை யாரும் மிதிக்கவில்லை. கார் மெல்லத்தான் ஓடியது. பிறகேன் சில்லு தோசைக் கல்லாகக் கிடக்கிறது? ஏதோ ஒன்று அதை விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கிறது.

அவளுக்கு ஒரு யோசனை வந்தது.

பிரேக்கின் இரும்பு உருளைகளுக்குள் சின்னச் சின்ன றப்பர் கப்கள் இருக்கும். சட்டைப் பொத்தான் அளவில், கிண்ணம் போல. வாப்பா பழையவற்றை மாற்றும்போதெல்லாம் எறியாமல் ஒரு பால்மா டின்னில் போட்டு வைப்பார். எறிய மனம் வராத சாமான்களுக்கென்றே அந்த வீட்டில் டின்கள் இருந்தன. ஸுலைஹா அதிலிருந்து ஒரே அளவான இரண்டு கப்களைத் தேடி எடுத்தாள். இரண்டும் இருமல் மருந்துப் போத்தலின் மூடிக்குள் சரியாக உட்கார்ந்தன. பிறகு இரண்டு தயிர்க் கோப்பைகள். ஒன்றில் பிரேக் ஒயில். மற்றதில், மாமாவிடம் கேட்டு வாங்கிய போட் ஒயில். ஒவ்வொன்றிலும் ஒரு கப்பைப் போட்டு வைத்தாள்.

"என்ன மருமகள், றப்பர்க் குழம்பு வெக்கிறியா?" என்று சிரித்தார் மாமா.

"ஓம் மாமா. நாளைக்கி உங்களுக்குத்தான் முதல்ல தருவன்."

வெள்ளிக்கிழமை பாடசாலை விட்டு வந்ததும் உடுப்பைக்கூட மாற்றாமல் ஓடிப்போய்ப் பார்த்தாள். கோப்பைகள் இரண்டும் தகரக் கூரையின் ஓரத்தில் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. பிரேக் ஒயிலில் கிடந்த கப்பை எடுத்து மருந்து மூடிக்குள் வைத்தாள். உட்கார்ந்தது. போட் ஒயிலில் கிடந்ததை எடுத்தாள். அது ஊதிப் பருத்து, தேனீ கடித்த உதடு மாதிரி இருந்தது. மூடிக்குள் தள்ளிப் பார்த்தாள். போகவே மாட்டேன் என்றது.

ஜும்ஆ முடிந்து வாப்பாவும் மாமாவும் சோற்றுக்கு உட்கார்ந்திருந்தார்கள். ஸுலைஹா மூடியையும் இரண்டு கப்களையும் சாப்பாட்டுப் பாயின் நடுவில் கொண்டுபோய் வைத்தாள்.

"அடியே, சோத்துக்குப் பக்கத்தில என்னடி இது!" என்றார் உம்மா.

"இது பிரேக் ஒயில்ல கிடந்தது. இது மாமாட ஒயில்ல கிடந்தது. நேத்து ரெண்டும் ஒரே அளவு," என்றாள் ஸுலைஹா. "வாப்பா, முட்டைக்குள்ள இரிக்கிற றப்பரும் இப்பிடித்தானே வீங்கியிரிக்கும்? வீங்கினா அந்த ஓட்டைக்குள்ள இறுகிடும். கால எடுத்தாலும் பிரேக் உடாது, அவசரத்துக்கு மிதிச்சாலும் புடிக்குமோ தெரியாது. அதான் நேத்து முட்டை வாசலுக்கு வரல்ல."

வாப்பா பருத்த கப்பை எடுத்து விரல்களுக்கு நடுவில் உருட்டினார். பிசுபிசுவென்று வழுக்கியது. சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனார். முட்டையை எஞ்சின் போடாமல் தள்ளிப் பார்த்தார். எப்போதும் ஒரு கையால் தள்ளினால் நகர்கிற முட்டை அன்று அசையவில்லை. அடம்பிடிக்கும் கழுதையேதான்.

"மெதுவா ஓட்டிட்டுப் போனா என்ன?" என்று இழுத்தார் மாமா. "கோயில் கிட்டத்தானே?"

"கழுதைக்கு யாரு செல்ற," என்று கேட்டாள் ஸுலைஹா, "நாங்க மெதுவாத்தான் வாறம், நீ எழும்பிப் போ எண்டு?"

வேலிக்கு அப்பால் றோசமேரி அக்கா யாருக்கோ பாடிக் காட்டிக்கொண்டிருந்தார். கோயிலில் பாடப்போகும் பாட்டு. சுஹைர் மாமா அதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். அவருடைய முகம் சுருங்கிவிட்டது.

"மச்சான், என்னென்ன வேணுமெண்டு செல்லுங்க. நான் புத்தளம் போயிட்டு வாறன்."

மோட்டார் சைக்கிள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. பின்னேரம் அவர் திரும்பியபோது கையில் நாலு சில்லுக்கும் உருளைக்குமான புது றப்பர்கள் இருந்தன. புது ஒயிலும் இருந்தது. ஆனால் சின்ன டின்.

"பெரிசு முடிஞ்சிட்டாம் மச்சான். புத்தளத்தில உள்ள கடை எல்லாம் ஏறி இறங்கிட்டன்."

அன்று பொழுது சாயும்வரை வாப்பாவும் மாமாவும் முட்டையின் பிரேக்கைக் கழற்றிக் கழுவினார்கள். வெளியே வந்த றப்பர்கள் எல்லாமே ஊதியிருந்தன. ஸுலைஹா சொன்னது போலவேதான். 'பாத்தீங்களா' என்று சொல்ல அவளுடைய நாக்கு துடித்தது. ஆனால் மாமாவின் கையெல்லாம் கறுத்து, நெற்றியில் ஒரு வரி எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. ஒரு தேத்தண்ணீர்க் கோப்பையை மட்டும் கொண்டுபோய் அவருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

சனிக்கிழமை விடிந்தது. கழற்றியதை எல்லாம் திரும்பப் பூட்டியாயிற்று. இனி எயார் எடுக்க வேண்டியது மட்டும்தான்.

நேரம் மிச்சம் பிடிப்பதற்காக உம்மா முட்டையின் மூக்கில் வெள்ளை றிபனும் மல்லிகைச் சரமும் கட்டத் தொடங்கியிருந்தார். வாப்பா சில்லுக்குப் பின்னால் படுத்தார். ஸுலைஹா போத்தலைப் பிடித்தாள். மாமா பெடலில் ஏறினார்.

"மிதி! புடி!"

தொலைபேசி பாடியது.

"இல்ல மச்சான், நான் எடுக்கல்ல! எடுக்கவே இல்ல!" என்று கத்திய மாமா, தொலைபேசியைச் சட்டைப் பையிலிருந்து வெளியே எறியக் குனிந்தார். குனிந்தபோது கால் வழுக்கியது.

குழாய்க்குள்ளிருந்த ஒயில் 'சர்' என்று பின்னோக்கி ஓடியதை ஸுலைஹா கண்ணால் கண்டாள்.

மறுபடி முதலிலிருந்து. உள்ளே போன காற்று கடைசி வரை வெளியே வர, ஒயில் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. இரண்டாம் சில்லுக்கு வந்தபோது மாமா தும்மினார். அவ்வளவுதான். திரும்பவும் காற்று.

வாப்பா டின்னை ஆட்டிப் பார்த்தார். அடியில் கொஞ்சம் சலசலத்தது.

"இனி ஒருக்காப் பிழைச்சாலும் ஒயில் காணாது," என்றார். குரல் மெலிந்திருந்தது. "புத்தளம் போய் வர நேரமில்ல."

ஸுலைஹா போத்தலைக் கீழே வைத்தாள். எழுந்து நின்றாள். சட்டையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினாள்.

"வாப்பா, நான் உடமாட்டன்."

உம்மாவின் கையில் மல்லிகைச் சரம் பாதியில் நின்றது. வாப்பா ஸுலைஹாவைப் பார்த்தார். டின்னைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார்.

முதலில் அசைந்தவர் மாமாதான். சீட்டிலிருந்து இறங்கி, கதவை அகலத் திறந்து பிடித்தார், மணமகளுக்குத் திறந்து பிடிப்பது போல.

"ஏறு மருமகள். என்ட காலுக்கு இந்த வேல வராது."

"போத்தல் யாரு புடிக்கிற?" என்றார் வாப்பா.

"நான்தான். வேற யாரு? போத்தலுக்குப் போன் வராதுதானே?"

உம்மா சரத்தை முட்டையின் மேல் வைத்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது உம்மாவின் கையில் ஒரு தலையணை இருந்தது.

"முதுகுக்கு வை. இல்லாட்டி எட்டாது," என்றார், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

டிரைவர் சீட் அவள் நினைத்ததைவிட உயரமாக இருந்தது. ஸ்டியரிங் பெரிய அப்பச் சட்டி போல முகத்துக்கு முன்னால் நின்றது. பாதத்தைப் பெடலில் வைத்தாள்.

"மிதி!"

இரண்டு காலாலும் மிதித்தாள்.

"புடி!"

பிடித்தாள். கீழே மாமா, "குமிழி வருது... வருது... நிண்டிட்டு!" என்று பாட்டுப் போலப் பாடினார்.

"உடு!"

ஒரு சில்லு. அடுத்த சில்லு. அதற்கடுத்தது. தொடை வலித்தது. காலில் ஓர் எறும்பு ஏறி, முழங்கால் வரை நடந்து, யோசித்து, கடித்தது. அவள் விடவில்லை. பாதித் தலை பின்னிய றோசமேரி அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "ஐயோ ஸுலைஹா, நீயா அங்க இருக்கிறாய்?" என்று கூவினார். ஸுலைஹா தலையை மட்டும் ஆட்டினாள். கால் அசையவில்லை.

கடைசிச் சில்லு.

"மிதி! புடி!"

அப்போதுதான் ஒரு கழுதை வந்தது.

திறந்து கிடந்த வாசலால் ஆறுதலாக உள்ளே வந்தது. முட்டையின் மூக்கைப் பார்த்தது. மல்லிகைச் சரத்தை முகர்ந்தது. பிறகு றிபனின் நுனியை வாய்க்குள் எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு மெல்லத் தொடங்கியது.

"உம்மா! கழுதை!"

உம்மா குசினியில். வாப்பாவும் மாமாவும் சில்லுக்குக் கீழே. இறங்கி ஓடினால் கழுதையைத் துரத்தலாம். ஆனால் ஆணி திறந்து கிடக்கிறது. டின்னில் ஒயில் இல்லை.

இறங்கத்தான் முடியாது. ஆனால் டிரைவர் சீட்டில் இருக்கிறவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு.

ஸுலைஹா ஹோர்னை அமுக்கினாள்.

"பாஆஆம்ம்ம்!"

வாப்பா திடுக்கிட்டு நெற்றியை வண்டியில் இடித்துக்கொண்டார். மாமா, "யா அல்லாஹ்!" என்றார், ஆனால் போத்தலைச் சரிக்கவில்லை. கழுதை காதை ஆட்டியது. நகரவில்லை. ஸுலைஹா விடவில்லை, ஹோர்னையும் பெடலையும். கடைசியில் உம்மா கரண்டியோடு ஓடிவந்தார். கற்பிட்டிக் கழுதைகள் ஹோர்னுக்குப் பயப்படுவதில்லை. உம்மாவின் கரண்டிக்குப் பயப்படும்.

"மகள், கால எடுத்திட்டியா?" என்று கத்தினார் வாப்பா.

"நீங்க 'உடு' எண்டு செல்லவே இல்லையே?"

பிறகு காருக்கு அடியிலிருந்து வாப்பா சிரிக்கும் சத்தம் கேட்டது.

"ஆணியப் பூட்டிட்டன். உடு மகள்."

விட்டாள். மீண்டும் ஒருமுறை மிதித்துப் பார்த்தாள். பெடல் கொஞ்சந்தான் இறங்கியது. அதற்குப் பிறகு கல்லுப் போல நின்றது.

வாப்பா அவளைப் பக்கத்து சீட்டில் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போனார். பல தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். பாண் கடை மூலையில் எஞ்சினை நிறுத்தினார். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். முட்டை சத்தமில்லாமல் உருண்டது. அருளப்பு அங்கிளின் வேலியைத் தாண்டியது. வாசலில் வந்து நின்றது.

பத்து மணிக்கு றோசமேரி அக்கா வெள்ளைச் சாறியும் தலையில் நெற்று முக்காடுமாக வந்து பின் சீட்டில் உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் அகல விரித்து, சீட்டைத் தடவிப் பார்த்தார்.

"எவ்வளவு இடம்!" என்றார். "அப்பா, வாங்கோ, வந்து இருங்கோ. இண்டைக்கு ஒருத்தரும் நிக்கத் தேவையில்லை."

அருளப்பு அங்கிள் ஏறினார். வாப்பாவுக்குப் பக்கத்தில் ஸுலைஹா. கடித்த றிபனை உம்மா மடித்துக் கட்டியிருந்ததில், அது முன்னையதைவிட அழகாகக்கூட இருந்தது.

கோயிலுக்குத் திரும்பும் முடக்கில் அதே கழுதை நின்றது. வாய் ஓரத்தில் இன்னும் ஒரு மல்லிகைப் பூ.

வாப்பா மிதித்தார். முட்டை ஒரு சாண் இடைவெளி விட்டு, குலுங்காமல் நின்றது. றோசமேரி அக்காவின் நெற்றுக்கூட அசையவில்லை.

"ஏன் நிண்டிட்டம்?" என்று கேட்டார் அவர்.

"ஒண்டுமில்ல அக்கா," என்றாள் ஸுலைஹா. "உங்களுக்கு வாழ்த்துச் செல்ல ஒராள் வந்து நிக்கிறார்."

கலியாணம் முடிந்து ஒரு கிழமை ஆயிற்று. போட் ஒயில் எங்காவது மிச்சமிருக்கிறதா என்று இன்னொரு தடவை ஒயில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று வாப்பா சொல்லியிருந்தார். வியாழக்கிழமைப் பின்னேரம் சுஹைர் மாமாவின் மோட்டார் சைக்கிள் வாசலில் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. முற்றத்தில் வாப்பாவின் ஸ்பானர் சாவிகள் கிலுங்கின.

ஸுலைஹா பாடக் கொப்பியை மூடினாள். அறைக்குள் போய்த் தலையணையை எடுத்தாள்.

உம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார். கையில் அதே கரண்டி.

"எங்க போற? வாப்பாட்டக் கேட்டியா?"

"இந்த முறை கேக்கல்ல உம்மா," என்றாள் ஸுலைஹா. தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே நடந்தாள்.